ஒரு மீட்டர் அலைக்கா எச்சரிக்கை? கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை இன்காய்ஸ் கடல் அறிவிப்புகள்: ஒரு விமர்சனம்

சித்திரை பிறந்துவிட்டால் நெல்லைக் கடற்கரை ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும். ‘திருநெல்வேலி மாவட்டம், கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை, இன்று 17:30 மணி முதல் நாளை 23:30 மணி வரை 0.8 முதல் 1.0 மீட்டர் உயர அலைகள் எழலாம், கள்ளக்கடல் எச்சரிக்கை’ என்கிற மாதிரி. கோவில் ஒலிபெருக்கியிலும் வாசிப்பார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். “ஒரு மீட்டராம்ல! ஆடி மாசக் காத்துல ரெண்டு மீட்டர் அலையில வள்ளம் தள்ளுதோம். இதுக்குப் போயி எச்சரிக்கையா?”

சிரிக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. அறிவிப்பு முன்னால் நிறுத்துகிற எண் அப்படி. உயரத்தை மட்டும் வாசித்தால் அது சிரிப்புக்கு உரிய எண்தான். அதன் பக்கத்தில் வேறொரு எண் உண்டு. அலைக்கும் அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பது. முன்னறிவிப்பு அட்டவணையில் அது இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வெட்டி ஒட்டும்போதும் ஒலிபெருக்கியில் வாசிக்கும்போதும் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. இந்தச் சேவையின் நல்லதும் கெட்டதும் அந்த ஒற்றை எண்ணில்தான் இருக்கிறது.

சேவையைத் தருவது இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம். சுருக்கமாக இன்காய்ஸ். 1999இல் தொடங்கியது, ஐதராபாத்தில் இருக்கிறது, மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சுனாமி எச்சரிக்கை வருவதும் இங்கிருந்துதான். அலை, நீரோட்டம், மீன் கூடும் இடம், பவளப்பாறை வெளிறுதல், கடல் வெப்ப அலை என்று பலவற்றுக்குத் தனித்தனி அறிவிப்புகள் உண்டு. எதற்கும் காசு கிடையாது. புயலும் காற்றும் வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு. இரண்டு அலுவலகச் செய்திகளும் ஒரே குழுவில் கலந்து வருவதால், எது யார் சொன்னது என்று பார்க்காமல் வாசிப்பதில்தான் முதல் குழப்பம் ஆரம்பிக்கிறது.

முதலில் கள்ளக்கடல். சேவையில் மிகச் சிறந்த பகுதி இது.

நம் கரை தென்கிழக்கு பார்த்தது. கிழக்கே இலங்கை மறைக்கிறது. தெற்கே மறைக்க எதுவும் இல்லை. கூடங்குளத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டால் அண்டார்டிகா வரை பெருநிலம் எதுவும் குறுக்கே வராது. தென் இந்தியப் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே முப்பது டிகிரிக்கும் அப்பால், பெரும் புயல்கள் வீசும்போது எழும் நீள அலைகள் நேராக நம் கரைக்கு வந்துவிடுகின்றன. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் சுள்ளென்று அடிக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறும். திருடன் மாதிரி வருவதால் கரைக்காரர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். கேரளக் கரையிலும் இதே பெயர்தான். 2012இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம்.

கணக்கைப் பார்த்தால் ஐதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படி முன்கூட்டிச் சொல்கிறார்கள் என்பது புரியும். ஆழ்கடலில் ஓர் அலைக்கூட்டம் நகரும் வேகம் அதன் இடைவெளி நொடியைப் பொறுத்தது. 18 நொடி அலை என்றால் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர். தெற்கே 40 டிகிரியில் எழுந்த அலைக்கு நம் கரை 5,300 கிலோமீட்டர் தூரம். நான்கரை நாள் பயணம். புயல் அங்கே எழுந்ததைச் செயற்கைக்கோள் பார்த்ததுமே கணக்குப் போட ஆரம்பித்துவிடலாம். சூறாவளிக்குக்கூட இவ்வளவு நாள் அவகாசம் உறுதியாகக் கிடைப்பதில்லை. 2020இலிருந்து இதற்கென்றே தனி முன்னறிவிப்பு முறை ஓடுகிறது.

இனி உயரத்துக்கும் நொடிக்கும் உள்ள உறவு. ஆடி மாதக் காற்று அலை ஆறு முதல் எட்டு நொடி இருக்கும். எட்டு நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் நூறு மீட்டர். 18 நொடி அலையின் நீளம் 500 மீட்டர். உயரம் இரண்டுக்கும் ஒரு மீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள அலை கரைக்குக் கொண்டுவரும் சக்தி இரண்டு மடங்குக்கு மேல். அதோடு, அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே தரையை உணர ஆரம்பிக்கும். நீள அலை வெகு தூரத்துக்கு முன்பே தரை தட்டி, வேகம் குறைந்து, குவிந்து, கரைக்கு வரும்போது தன் உயரத்தைக் கூட்டிக்கொள்ளும். கடலில் நிற்கிற வள்ளத்துக்கு இது தெரியவே தெரியாது. ஐந்நூறு மீட்டர் நீளத்தில் ஒரு மீட்டர் ஏறி இறங்குவதை எந்தக் கால் உணரும்? கரைக்கு வரும்போதுதான் பிடிக்கும். அதனால்தான் ‘கடல் நல்லாத்தானே இருந்துச்சு, கரை ஏத்தும்போதுதான் கவுத்திருச்சு’ என்ற பேச்சு இந்தக் காலத்தில் மட்டும் அதிகம் கேட்கும்.

கரையில் நின்று இதைச் சரிபார்க்கலாம். அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒரு மிதப்பையோ நங்கூரமிட்ட வள்ளத்தையோ குறி வையுங்கள். அது மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். பதினோரு ஏற்றம் வந்தால் பத்து இடைவெளி. முதல் ஏற்றத்திலிருந்து பதினோராவது ஏற்றம் வரை 80 நொடி ஆனால் எட்டு நொடி அலை. 170, 180 நொடி ஆனால் வள்ளம் இறக்க வேண்டாம். உடையும் அலையைக் குறிவைத்து எண்ணக்கூடாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உடைவதால் கணக்குத் தப்பும். இன்னொன்று. தூரத்திலிருந்து வரும் கூட்டத்தில் நீளமான அலைதான் முதலில் வந்து சேரும், அப்போது உயரம் மிகக் குறைவு. நேற்றுவரை ஒன்பது நொடி இருந்த அட்டவணை இன்று காலை அரை மீட்டர், 20 நொடி என்று காட்டினால் கடல் அடங்குகிறது என்று அர்த்தம் இல்லை. வரப்போகிறது என்று அர்த்தம்.

அறிவிப்பில் வரும் ‘அலை உயரம்’ என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது அதிகபட்ச உயரமே இல்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் தருகிறார்கள். சில மணி நேரத்தில் ஆயிரம் அலைக்கு மேல் கடந்துபோகும்போது, அதில் ஒன்றாவது சொன்ன உயரத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் மூன்று மீட்டருக்கு நெருங்கிய ஓர் அலைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதே பொருள். அறிவிப்பில் இதை ஒரு வரியில் சொல்லலாம். சொல்வதில்லை.

எச்சரிக்கை வந்தால் கரையில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் நேரத்தோடு செய்ய வேண்டும். வள்ளத்தைக் கடைசியாகப் பாசியும் சருகும் ஒதுங்கிய கோட்டுக்கு மேலே வைத்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். போதாது. அந்தக் கோடு சாதாரண அலை போட்டது. மணல் மேடு உச்சி தாண்டி, மேட்டின் மறுபக்கச் சரிவுக்கு ஆள்பலத்தாலோ டிராக்டராலோ இழுத்துப் போட வேண்டும். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், எரிபொருள் கேனும் அப்படியே. வலை நனைந்தால் காயப்போட்டுக்கொள்ளலாம் என்று கரையிலேயே குவித்து வைப்பது பெரிய தவறு. அலை இழுக்கும்போது வலை அடுத்தவர் வள்ளத்தில் சுற்றி, இரண்டையும் சேர்த்து இழுத்துப்போகும். நங்கூரத்தில் நிற்கும் வள்ளங்களுக்கு இடையே போதிய இடைவெளி விடச் சொல்லி அறிவிப்பிலேயே வரும். அந்த வரியை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. கள்ளக்கடலில் வள்ளம் உடைவது பெரும்பாலும் வள்ளத்தோடு வள்ளம் மோதித்தான்.

கடலைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் குறைந்தது இருபது நிமிடம் பார்க்க வேண்டும். நீள அலைகள் ஐந்தாறாகக் கூட்டம் சேர்ந்து வரும், பிறகு வெகு நேரம் ஒன்றுமே இருக்காது. அந்த அமைதியில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு ‘ஒண்ணும் இல்ல’ என்று வள்ளம் தள்ளுகிறவர்கள் அடுத்த கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சில சமயம் தண்ணீர் முதலில் வழக்கத்தைவிட அதிகமாக உள்வாங்கும். ஊருக்குள் சுனாமி என்று வதந்தி கிளம்புவது அப்போதுதான். சுனாமி என்றால் அதே இன்காய்ஸ் தனியாக அறிவிக்கும். நிலநடுக்கச் செய்தி இல்லாமல், சித்திரை வைகாசியில், நல்ல வெயிலில் கடல் உள்வாங்கினால் முதலில் நினைக்க வேண்டியது கள்ளக்கடலை. எதுவானாலும் மீன் பொறுக்க இறங்காமல் மேட்டுக்குப் போவதுதான் சரி.

தொழிலுக்குப் போகிறவர்களைவிட இந்த அறிவிப்பு அதிகம் தேவைப்படுவது வெளியூரிலிருந்து வந்து காலை நனைக்கிறவர்களுக்கு. 18 நொடி அலையில் தண்ணீர் மேலேறுவதும் நீண்ட நேரம், திரும்ப இழுப்பதும் நீண்ட நேரம். சாதாரண அலை முழங்கால் அளவில் மூன்று நான்கு நொடி இழுத்துவிட்டு விட்டுவிடும். இது எட்டு ஒன்பது நொடி விடாமல் இழுக்கும். காலடி மணல் முழுதும் கரைந்து போய்விடும், நீச்சல் தெரிந்தவரும் நிற்க முடியாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படித்தான். தென் தமிழகக் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாட்கள் அவை.

நம் மாவட்டத்தில் இதே மாதிரி நிலைக்கு வாய்ப்புள்ள நாள் ஒன்று உண்டு. உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலில் வைகாசி விசாகம். கூட்டம் கூட்டமாக வந்து கடலில் குளிப்பார்கள், நேர்த்திக்கடனாக ஓலைப்பெட்டியில் கடல் மண் அள்ளிச் சுமப்பார்கள். விசாகம் வருவது பௌர்ணமியை ஒட்டி. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது, அதிகம். நம் பக்கம் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், அந்த ஏற்றமும் நீள அலையும் ஒரே மணி நேரத்தில் சேர்ந்தால் மணல் மேட்டைத் தாண்டிவிடும். திருவிழாவுக்கு வருகிறவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு: அன்றைய கள்ளக்கடல் அறிவிப்பு, தூத்துக்குடித் துறைமுகத்துக்கான ஓத அட்டவணை. எச்சரிக்கை இருந்தால் ஓதம் வற்றும் நேரத்தில் மண் எடுத்துக்கொள்ளலாம், வாளியில் மொண்டு குளித்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஊர்ப்பெயர் சிக்கல். இன்காய்ஸ் மாவட்டவாரியாகத் தருவது நல்லது. கூடுதாழை முதல் கூட்டப்புளி என்றால் நம்முடையது, பெரியதாழை முதல் வேம்பார் என்றால் தூத்துக்குடி, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் என்றால் குமரி மாவட்டம். வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையில் இப்படி இல்லை. ‘குமரிக்கடல்’, ‘மன்னார் வளைகுடா’ என்றுதான் வரும். உவரிக்காரர் எதில் சேர்த்தி? இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது நம் கரை. உவரியில் இறக்கி இரண்டு மணி நேரம் தெற்கே ஓடினால் குமரிக்கடல், வடகிழக்கே ஓடினால் மன்னார் வளைகுடா. இரண்டில் எதற்கு எச்சரிக்கை வந்தாலும் நமக்கு வந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ‘மன்னார் வளைகுடான்னா ராமேஸ்வரம்’ என்று ஒதுக்குவது பழைய தவறு.

காற்றுக்கும் ஓர் எண் வித்தை உண்டு. ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65’ என்று வருவது நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல்) 24 முதல் 30, வீச்சில் 35. இதை நம் கரையில் தென்மேற்குப் பருவத்தில் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் தண்ணீர் தட்டையாக இருக்கும். அலை எழ அதற்குத் தூரம் வேண்டும். மூன்று நான்கு கடல் மைல் போன பிறகுதான் உண்மையான கடல் தெரியும். எஞ்சின் நின்றால் காற்று கரைக்குத் தள்ளாது, வெளியே தள்ளும். ஆகவே ஆனி, ஆடி, ஆவணியில் கரையோர அலை உயரத்தைப் பார்ப்பதைவிட, கரையிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டர் வெளியே உள்ள புள்ளிக்கான காற்று வேகத்தைப் பார்ப்பது பயன்படும். முன்னறிவிப்பு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பிரித்துத் தருகிறது. திரும்பி வரும் நேரத்து வரிசையைப் பாருங்கள். போகும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் மதியம் கச்சான் காற்றில் மாட்டுகிறார்கள்.

மீன் கூடும் இடம் பற்றிய அறிவிப்புக்கு இவ்வளவு பாராட்டு தர முடியவில்லை. அதன் யோசனை அருமையானது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் அளக்கிறது. குளிர்ந்த நீரும் வெந்நீரும் சந்திக்கும் விளிம்பில் சத்து மேலே வரும், நுண்பாசி பெருகும், அதைத் தின்னச் சிறுமீனும், அதைத் தின்னப் பெருமீனும் கூடும். அந்த விளிம்பைக் கண்டுபிடித்து, உங்கள் இறங்குதளத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை டிகிரி, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று தருகிறார்கள். சூரை, அயிலை, சாளை போன்று மேல்மட்டத்தில் திரிகிற மீனுக்கு இது உதவும். கடலடிப் பாறையான பாரில் கிடக்கும் களவா, விளைமீனுக்கு உதவாது. செயற்கைக்கோள் தரையைப் பார்ப்பதில்லை.

உவரியிலிருந்து தென்கிழக்கு, 135 டிகிரி, 28 முதல் 33 கிலோமீட்டர், ஆழம் 50 முதல் 55 மீட்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கிலோமீட்டரை 1.852ஆல் வகுத்தால் கடல் மைல்: 15 முதல் 18. மீட்டரை 1.83ஆல் வகுத்தால் பாகம்: 27 முதல் 30. இதுவரை சிக்கல் இல்லை. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜி.பி.எஸ்.சில் ஏற்றும்போதுதான் கோளாறு. அறிவிப்பில் டிகிரி, நிமிடம், நொடி என்று இருக்கும். 8 டிகிரி 10 நிமிடம் 30 நொடி. கருவி தசம டிகிரியில் இருந்தால் அது 8.175. அவசரத்தில் 8.1030 என்று அழுத்திவிட்டால் எட்டு கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போய் நிற்பீர்கள். ‘இன்காய்ஸ் சொன்ன இடத்துல ஒரு பொடி மீன்கூட இல்ல’ என்ற புகாரைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது கருவியின் அமைப்பை. நிமிடத்தில் தசமம் உள்ள அமைப்பில் வைத்திருந்தால் 30 நொடி என்பது 0.5 நிமிடம், அதாவது 8 டிகிரி 10.5 நிமிடம். பெரும்பாலான கருவிகளில் இந்த மூன்று அமைப்பும் இருக்கும், ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்வது நல்லது.

நேரமும் ஒரு கோளாறு. செயற்கைக்கோள் பார்த்தது நேற்று. நீங்கள் போவது இன்று விடியற்காலை. அரை நாட் நீவாடு, அதாவது நீரோட்டம், ஓடினாலே ஒரு நாளில் 12 கடல் மைல். விளிம்பு அப்படியே நீரோடு முழுதும் நகர்ந்துவிடும் என்று இல்லை, ஆனால் அசையாமல் நிற்கும் என்றும் நினைக்கக்கூடாது. அறிவிப்பின் தேதியைப் பார்க்காமல் இரண்டு நாள் பழைய செய்தியை முன்னனுப்புகிற வாட்ஸ்அப் பழக்கம்தான் இந்தச் சேவைக்கு மிகப் பெரிய கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கிறது. போன பிறகு, குறித்த இடத்தில் மட்டும் வலை விடாமல், நீவாடு போகும் பக்கம் இரண்டு மூன்று மைல் ஓடி, தண்ணீர் நிறம் மாறும் வரியையும் பறவை அடிப்பதையும் பார்த்து விடுவதே சரி.

மேகம் இருந்தால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. நம் கரைக்கு இது கொடுமை. தென்மேற்குப் பருவத்தில்தான் குமரிமுனையை ஒட்டி அடித்தண்ணீர் மேலே வந்து கடல் குளிரும், சத்து பெருகும், மீன்பாடு கூடும். விளிம்புகள் தெளிவாக இருக்கும் அந்த மாதங்களில்தான் வானம் மூடிக் கிடக்கும், பல நாள் அறிவிப்பே இருக்காது. கரையை ஒட்டிய கலங்கல் நீரிலும் பச்சையக் கணக்குத் தப்பும். கரையோரம் சாளைக்கு வலை விடுகிற சிறு வள்ளத்துக்கு ஆண்டில் பாதி நாள் பயன் இல்லை.

இதைவிட ஒரு குறை மனதுக்குள் நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் மீன் இட அறிவிப்பும் நிற்கும். தடை விசைப்படகுக்கும் இழுவைமடிக்கும். வள்ளத்துக்குத் தடை இல்லை. நெல்லைக் கரையில் தொழில் செய்வது பெரும்பாலும் வள்ளங்கள்தான். விசைப்படகு கடலில் இல்லாத, வள்ளத்துக்கு நல்ல விலை கிடைக்கிற, மேகமும் குறைவான இரண்டு மாதத்தில் அறிவிப்பு இல்லை. சினை மீனைக் காப்பாற்றத்தான் நிறுத்துகிறார்கள் என்று வாதிடலாம், அந்த வாதத்தில் உயிர் உண்டு. மீன் எங்கே கூடுகிறது என்று சொல்லும் சேவை, அங்கே கூடுவது குஞ்சா பெரிதா என்று சொல்வதில்லை. கேரளத்தில் சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர் என்று பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளம் வைத்திருக்கிறார்கள். இட அறிவிப்போடு இந்த அளவையும் ஒரு வரி சேர்த்து அனுப்பினால் வலைக் கண்ணைத் தேர்ந்தெடுக்க உதவும். முதல் முறை வலை இழுத்ததும் கூடையில் விழுவதை அளந்து பார்த்து, பாதிக்கு மேல் பொடி என்றால் அடுத்த முறை வேறு இடத்தில் வலை விடலாம்.

பவள வெளிறல் அறிவிப்பை நம் மாவட்டத்தில் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பவளத் தீவுகள் தூத்துக்குடிக்கு வடக்கேதான், 21 தீவு. நம் கரையில் இருப்பது பாறைப் பார்கள். ஆனாலும் பார்மீன் தொழில் செய்கிறவர்கள் கோடையில் ஒரு கண் வைக்கலாம். கோடை உச்சத்தின் வழக்கமான வெப்பத்தை ஒரு டிகிரி தாண்டினால் பவளம் தவிக்க ஆரம்பிக்கும். அந்த மிகுவெப்ப டிகிரியை வாரம் வாரமாகக் கூட்டிய எண்தான் அடுத்த கணக்கு. நான்கைத் தொட்டால் வெளிறும், எட்டைத் தொட்டால் சாகும். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் வெளிறியது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது என்பதால் இந்த அட்டவணை இனி அடிக்கடி சிவக்கும். பாசிப் பெருக்க அறிவிப்பும் உண்டு. 2019இல் பாம்பன் பக்கம் பூங்கோரை படர்ந்து தண்ணீர் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது. அந்த மாதிரிச் சமயம் ஒதுங்கிய மீனை அள்ளி விற்கவும் கருவாடு போடவும் கூடாது. இந்த அறிவிப்புகள் எல்லாம் ஆராய்ச்சியாளருக்கென்று எழுதியவை, வண்ணப் படமும் ஆங்கிலமும்தான். தமிழில் இரண்டு வரி போட்டால் போதும்.

கடலுக்குள் போன பிறகு செய்தி எப்படி வந்து சேரும் என்பதுதான் 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எல்லாரும் கேட்ட கேள்வி. கைபேசி அலைவரிசை கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் வரைதான். அந்தக் கேள்விக்கு விடையாக 2019இல் ஜெமினி என்ற பெட்டி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக அறிவிப்பை வாங்கி, புளூடூத்தில் கைபேசிக்குக் கொடுக்கும். கேட்க மட்டும்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. பின்னால் வந்த டிரான்ஸ்பாண்டரில் இரு வழியும் குறுஞ்செய்தி போகும், ஆபத்துச் செய்தி அனுப்பலாம். பல நாள் கடலில் தங்கும் குமரி மாவட்டத் தூத்தூர்ப் படகுக்கு இவை உயிர். விடியற்காலை போய் மதியம் திரும்புகிற உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை வள்ளத்துக்கு, இறக்கும் முன் அட்டவணையை ஒழுங்காக வாசித்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. வாங்கினால் டிரான்ஸ்பாண்டர் வாங்கலாம். எந்தப் பெட்டியானாலும் உப்புக்காற்றில் இணைப்பு முனை பச்சை பிடிக்கும், வாரம் ஒரு முறை துடைத்து வாசலின் தடவ வேண்டும்.

கைபேசியில் 1554 கடலோரக் காவல் படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம். இரண்டையும் வள்ளத்தின் உள்பக்கம் பெயின்டால் எழுதிப் போடுங்கள், கைபேசி நனைந்தால் பக்கத்து வள்ளத்துக் கைபேசியில் அடிக்கலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு வெளியே இரண்டும் கிடைக்காது. அங்கே வி.எச்.எஃப். 16ஆம் சேனல்.